ஜாம்பி வந்தால் இருப்பதா, கிளம்புவதா? வாதிட்டுத் திட்டம் போட ஒரு முழுமையான வழிகாட்டி

2011 மே மாதம் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஜாம்பிகள் (கடித்து மற்றவரையும் தன்னைப் போலவே மாற்றிவிடும், சினிமாவில் வரும் நடைபிணங்கள்) பெருகினால் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஓர் அறிவுரைக் குறிப்பை வெளியிட்டது. படிக்க வந்த கூட்டம் தாங்காமல் அந்த இணையதளமே முடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 30 தேதியிட்டு, அமெரிக்க ராணுவத்தின் ஸ்ட்ராட்டஜிக் கமாண்டிலும் 'கான்பிளான் 8888' என்ற ஜாம்பி எதிர்ப்புத் திட்டம் எழுதப்பட்டிருந்தது. போர்த் திட்டம் வகுக்கக் கற்றுக்கொள்ளும் அதிகாரிகளுக்கான பயிற்சி அது. பயிற்சிக்கு உண்மையான ஒரு நாட்டின் பெயரை எடுத்தால், அது வெளியே கசிந்தபின் நிஜத் திட்டம் என்று நினைத்துவிடுவார்கள். ஜாம்பி என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

ஜாம்பி வந்தால் வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா என்ற விவாதத்தை நான் முழு மனதோடு பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. "வெள்ளம் வந்தால் என்ன செய்வோம்?" என்று வீட்டில் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஜாம்பி என்று ஆரம்பித்தால் பத்து வயதுப் பிள்ளை முதல் தாத்தா வரை எல்லோரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. அந்த உற்சாகத்தை வீணடிக்காமல், நடைமுறைக்கு நிற்கும் திட்டமாக மாற்றுவது எப்படி என்பதே இங்கே பேச்சு. எடுத்துக்காட்டுக்குச் சென்னையையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியையும் சாலையையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

படி 1: பட்டிமன்றத்தைக் கொஞ்சம் திருத்துங்கள்

நமக்குப் பழகிய வடிவம் பட்டிமன்றம். 'இருப்பது' ஓர் அணி, 'கிளம்புவது' இன்னோர் அணி, நடுவே ஒரு நடுவர். இதில் இரண்டு திருத்தங்கள் அவசியம். பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தங்கள் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும்: யார் யார், எந்த இடம், தண்ணீர் எங்கிருந்து, எத்தனை நாளுக்கு. இல்லாவிட்டால் கேள்வி வரும்போதெல்லாம் திட்டம் வளைந்துகொண்டே போகும். கைத்தட்டல் வாங்கியவர் ஜெயித்துவிடுவார். இரண்டாவது, "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று நடுவர் முடிக்கக் கூடாது. ஒரு திட்டத்தைத் தேர்ந்து, ஏன் என்று சொல்ல வேண்டும்.

இவர்களைத் தவிர, இடர் சொல்ல ஒருவர் தேவை. ஒரு திட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது "மோட்டார் எரிந்துவிட்டது", "பாட்டிக்குக் காய்ச்சல்", "கீழ்த்தளத்தில் குழந்தை அழுகிறது" என்று குறுக்கிடுவது இவர் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நடத்தினால் பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் காவலாளியையும் கட்டாயம் அழையுங்கள். எந்த வால்வை மூடினால் எந்த பிளாட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 2: எதிரியின் இயல்பை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான ஜாம்பி விவாதங்கள் தடம்புரள்வது இங்கேதான். ஒருவர் மனதில் தள்ளாடி நடக்கும் பிணம், இன்னொருவர் மனதில் வெறிபிடித்து ஓடும் நோயாளி. இருவரும் வேறு வேறு எதிரியோடு போராடுகிறார்கள்.

முதல் கேள்வி: செத்ததா, உயிருள்ளதா? செத்த உடல் என்றால் சென்னையின் வெயில் நம் பக்கம். மே மாத வெப்பத்தில், ஈக்களும் புழுக்களும் சூழ, தசை சில வாரங்களில் அழுகி உதிர்ந்துவிடும். தசை இல்லாத கால் நடக்காது. அப்படியானால் நம் திட்டம் ஓரிரு மாதம் தாக்குப்பிடித்தால் போதும். உயிருள்ள நோயாளி என்றால் அவருக்கும் தண்ணீர் வேண்டும்; குடிக்காமல் சில நாட்களுக்கு மேல் எந்த மனித உடலும் ஓடாது. குடிக்கத் தெரிந்த ஜாம்பியா என்பதை விதியில் எழுதிக்கொள்ளுங்கள். திட்டத்தின் கால அளவு அதைப் பொறுத்தே அமையும்.

எல்லோரும் வேகத்தைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம், கடிபட்டவர் மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது. சில விநாடிகளில் மாறினால் நோய் கண்ணெதிரே இருக்கிறது. கடிபட்டவர் விமானம் ஏற முடியாது, பஸ் ஏற முடியாது, ஒரு தெருவையோ பேட்டையையோ சுற்றி வளைத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்து மாறினால் அவர் நல்ல மனிதராகவே ஊர் போய்ச் சேர்ந்து, பேரப்பிள்ளைகளோடு படுத்துத் தூங்கிய பிறகு எழுவார். 2020 மே மாதத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் பரவிய கொரோனா, அங்கிருந்து திரும்பிய தொழிலாளர்களோடு கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குப் போனது அந்த வழியில்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. உடம்பில் அறிகுறியும் இல்லை.

நிஜ உலகில் ஜாம்பிக்கு மிக நெருக்கமானது வெறிநாய்க்கடி. கடியால் பரவுகிறது, மூளையைத் தாக்குகிறது, அறிகுறி தோன்றியபின் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அறிகுறி தோன்ற வழக்கமாக இரண்டு மூன்று மாதம் ஆகிறது. உலகில் இந்நோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான். கடித்த இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்கு ஓட வேண்டும் என்பதை விவாதத்தின் நடுவில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஜாம்பி வருகிறதோ இல்லையோ, தெருநாய் இருக்கிறது.

கணிதம் பிடித்தவர்களுக்கு ஒரு தகவல். 2009-இல் கனடாவின் ஒட்டாவாவில் சில ஆய்வாளர்கள் தொற்றுநோய்ச் சமன்பாடுகளைக் கொண்டு ஜாம்பிப் பரவலைக் கணக்கிட்டார்கள். தனிமைப்படுத்தல் அழிவைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. விரைவாகவும் திரும்பத் திரும்பவும் தாக்கினால்தான் மனித இனம் தப்பும் என்று முடிவு வந்தது. அது அரசுக்கான பாடம். நான்கு பேர் கொண்ட குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் சில நாட்களில் கூட்டத்தில் இருக்காதே என்பதுதான்.

படி 3: நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

'ஒரு நாள் ஜாம்பி வந்தது' என்று ஆரம்பிக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணி என்று சொல்லுங்கள். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அம்மா தரமணியில், மகள் பள்ளியில், பாட்டி வீட்டில் தனியாக. இப்போது திட்டம் எல்லோரும் ஓரிடத்தில் சேர்வதிலிருந்து தொடங்கியாக வேண்டும். போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு சந்திக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்: முதலில் வீடு, அங்கே போக முடியாவிட்டால் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓரிடம், அதுவும் முடியாவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு உறவினர் வீடு. மூன்றுக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளுக்கு நினைவில் நிற்காது.

மாதமும் முக்கியம். மே என்றால் தண்ணீர் இல்லை. டிசம்பர் என்றால் தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

படி 4: தண்ணீர்க் கணக்கு

நடுவருக்கு நேரம் குறைவாக இருந்தால் இந்தப் படியை மட்டுமாவது முழுமையாக நடத்துங்கள். நான் கேட்ட வீரமான திட்டங்களில் பல இங்கேதான் விழுந்தன.

முதலில் எது நிற்கும் என்ற வரிசையைப் பாருங்கள். மின்சாரம் போகிறது. சில மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்கிறது. மின்சாரம் இல்லாததால் போர்வெல் மோட்டார் ஓடாது. அதே காரணத்தால் குடிநீர் வாரியக் குழாயிலும் அழுத்தம் இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை இதை நேரில் பார்த்தது: சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை, மேல்மாடியில் இருப்பவரைக் கூப்பிட போன் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது அரசும் ரயிலும் லாரியும் இயங்கிக்கொண்டிருந்தன.

மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டி நிரம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நான்கு பேர். நகரங்களுக்கான அரசு அளவு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அப்படிச் செலவழித்தால் இரண்டு நாள்கூட வராது. பேரிடர் முகாம்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு 15 லிட்டர். அதன்படி 16 நாள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்று இறுக்கிப் பிடித்தால் 50 நாள். அதே தொட்டிதான், முதல் மணி நேரத்தில் வால்வை மூடி, வாளியில் அளந்து எடுக்க ஆரம்பித்தவருக்கும் மூடாதவருக்கும் இடையே ஏழு வாரம் வித்தியாசம். ஆகவே திட்டத்தின் முதல் வரி 'மேல்தொட்டியின் வால்வை மூடு' என்றிருக்க வேண்டும். பொதுத் தொட்டி என்றால் யார் மூடுவது, யார் அளந்து கொடுப்பது என்று இன்றே சங்கத்தில் பேசிவிடுங்கள்.

அடுத்து மழை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் குழாய் நேராக மண்ணுக்குள் போகிறது. அதை நடுவில் கழற்றி டிரம்முக்குத் திருப்ப ஓர் இணைப்பு வைத்திருக்கிறீர்களா?

பிறகு கிணறு. நீர்மூழ்கி மோட்டார் இறக்கிய ஆழ்துளைக் கிணற்றில் மின்சாரம் இல்லாமல் ஒரு சொட்டும் வராது. பழைய உறைகிணறு இருக்கும் வீடும், அடிபம்பு இருக்கும் தெருவும் அப்போது தங்கம். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். கோயில் குளங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்த நீரைச் சுத்தம் செய்ய: இரண்டாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டு, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். எரிபொருளை மிச்சப்படுத்த, தெளிந்த நீரை நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைக்கலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். கலங்கிய நீர் என்றால் முதலில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டுத் தெளிய வையுங்கள். அது தெளிய வைக்குமே தவிர கிருமியை முழுதாகக் கொல்லாது. அதன் பிறகும் கொதிக்க வைத்தாக வேண்டும்.

படி 5: இருப்பதா, கிளம்புவதா

இப்போது சூடு பிடிக்கும். கிளம்பும் அணி எப்போதும் கொண்டுவரும் திட்டங்களை ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

*ஆள் இல்லாத இடத்துக்குப் போவோம்.* 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நாடு முழுவதற்கும் ஜாம்பிப் பரவலைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். நெரிசலான நகரங்கள் முதலில் விழுந்தன. ராக்கி மலைத்தொடரின் வடபகுதி மாதக்கணக்கில் தப்பியது. இந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மான்டானா மாநிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 555 பேர். நம் சமவெளியில் ஆள் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. இருந்தால் அங்கே தண்ணீர் இல்லை என்று பொருள்.

*சொந்த ஊருக்குப் போவோம்.* மனதுக்கு மிக நெருக்கமான திட்டம். கிணறு, நெல், உறவு மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவு பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை ஜிஎஸ்டி சாலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போலீசாரும் பெட்ரோல் பங்குகளும் சிறப்புப் பஸ்களும் இருக்கும்போதே அந்த நிலை. 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு முன் கோயம்பேடு பஸ் நிலையத்தில் கூடிய கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோடிப் பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தால் அது திட்டமாக நிற்காது. என் தீர்ப்பு: முதல் செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் கிளம்பினால் சரி, தவறவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்து, சாலை ஓய்ந்த பிறகு. நடுவில் கிளம்பக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கல்பாக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அணு உலையை நிறுத்திய பின்னும் எரிபொருளைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க ஆட்கள் தேவை. 2011-இல் ஃபுகுஷிமாவில் அந்தக் குளிர்விப்பு நின்றதால் என்ன ஆனது என்பது தெரிந்ததே.

*கடலுக்குப் போவோம்.* காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல திட்டம். டீசல், ஐஸ், குடிநீர் ஏற்றிக்கொண்டு பல நாள் கடலில் தங்கிப் பழகியவர்கள் அவர்கள். 2015 வெள்ளத்தில் படகுகளோடு நகருக்குள் வந்து மக்களை மீட்டவர்களும் மீனவர்களே. அவர்களோடு உறவு இல்லாத மற்றவர்கள் படகைப் பிடுங்கிக்கொண்டு போவதாகச் சொன்னால் நடுவர் அந்தத் திட்டத்தைத் தள்ளிவிட வேண்டும். அலைகடக்கத் தெரியாதவன் முகத்துவாரத்தைத் தாண்ட மாட்டான்.

*செஞ்சிக்கோட்டைக்குப் போவோம்.* எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. மூன்று குன்றுகளை இணைக்கும் மதில், ராஜகிரியின் உச்சிக்குப் போக பிளவின் குறுக்கே ஒரே ஒரு பாலம், களஞ்சியங்கள், குளங்கள். 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு அது வசமானது 1698-இல். ஆனால் அத்தனை ஆண்டுகள் அது தாங்கியது மதிலால் மட்டும் இல்லை. வெளியே மராட்டியக் குதிரைப்படை முற்றுகையிட்டவர்களையே பட்டினி போட்டுக்கொண்டிருந்தது. இன்று களஞ்சியத்தில் நெல் இல்லை. சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் ஆறு நாள். மே மாதத்தில் நடப்பவருக்கு நாளுக்கு நான்கு லிட்டராவது வேண்டும்; ஆளுக்கு 24 கிலோ தண்ணீர் மட்டும் சுமை. திண்டிவனத்தில் இருப்பவருக்கு இந்தத் திட்டம் முதல் மதிப்பெண் பெறும். தாம்பரத்தில் இருப்பவருக்குப் பெறாது.

மலையரண் பற்றிப் பேசும்போது பாரியின் பறம்பு மலையும் வரும். மூவேந்தர் சூழ்ந்து நின்றபோது, உழவர் உழாமலே அந்த மலை நான்கு உணவு தரும் என்றார் கபிலர்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். ஓர் இடம் நல்ல புகலிடமா என்று பார்க்க இதைவிடச் சிறந்த கேள்வி எனக்குத் தெரியாது. நாம் எதையும் சுமந்து போகாமலே அந்த இடம் எத்தனை உணவு தரும்?

இருக்கும் அணிக்கு நம் ஊர்க் கட்டிடக் கலை பெரிய துணை. அமெரிக்க வீடுகளில் ஜன்னல் வெறும் கண்ணாடி. அதனால் பலகை அடிப்பதைப் பற்றி அவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். நம் வீட்டில் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, பால்கனிக்கு கிரில், மாடிப்படி அடியில் இரும்புக் கேட், மொட்டைமாடிக்குத் தனிக் கதவு. இரண்டாம் மாடிக்கு மேல் இருப்பவர் படிக்கட்டு ஒன்றை அடைத்தால் போதும். பலவீனம் தீ. கம்பி போட்ட வீட்டில் தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை; சாவி எங்கே தொங்குகிறது, மாடியிலிருந்து அடுத்த கட்டிடத்துக்குப் போக முடியுமா என்று இடர் சொல்பவர் கேட்டே தீர வேண்டும்.

படி 6: உணவு

நான்கு பேருக்கு 30 நாள்: நாளுக்கு ஆளுக்கு 400 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு, 30 கிராம் எண்ணெய். மொத்தம் 48 கிலோ அரிசி, 9 கிலோ பருப்பு, கிட்டத்தட்ட நான்கு லிட்டர் எண்ணெய். ஆளுக்கு 1,900 கலோரி அளவில் வரும். ஓடியாடாமல் வீட்டில் இருப்பவருக்குத் தாங்கும். அடுப்பு எரியாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, கருப்பட்டி, சத்துமாவு. அசைவம் உண்பவருக்குக் கருவாடு. உப்பை மறக்காதீர்கள். பருப்பை இரவே ஊற வைத்தால் கேஸ் மிச்சமாகும், குக்கர் விசில் சத்தமும் குறையும். பெட்ரோல் சேமிக்கும் யோசனை வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும், வீட்டில் வைப்பது ஆபத்தும்கூட.

படி 7: ஆயுதம்

இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். துப்பாக்கி உரிமம் இங்கே மிகச் சிலரிடமே இருக்கிறது. அரிவாள் வீசும் தூரம் கடிபடும் தூரமும்கூட, ரத்தம் தெறிக்கும். நீளமான மூங்கில் கழியும் கனமான ஜீன்ஸ் துணியும் மூடிய ஷூவும் போதும். சண்டை போடும் நிலை வந்தால் திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று நடுவர் மதிப்பெண் குறைக்கலாம்.

படி 8: கதவைத் தட்டுகிறவர்

கடினமான கேள்வி இது. அதனால் முன்கூட்டியே பேசுங்கள். எதிர்வீட்டுக்காரர் கடிபட்டு வந்து தட்டுகிறார். படி 2-இல் எழுதிய கால அளவு இப்போது உதவும். மாறுவதற்கு மூன்று நாள் என்றால், வெளியே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையில் தண்ணீரும் உணவும் வைத்து நான்கு நாள் தனிமை. கதவுக்கு வெளியே நின்று அவரோடு தினமும் பேச ஒருவர் பொறுப்பு. இந்த ஏற்பாடு இல்லாத குடும்பம் அன்றைக்கு அழுதுகொண்டே தவறான முடிவை எடுக்கும். கதவைத் திறக்காமலே இருப்பது என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். மூன்று பேரால் இரவும் பகலும் காவல் இருக்க முடியாது. பத்துப் பேர் இருந்தால் தூங்கலாம்.

குடியிருப்பில் யாருக்கு என்ன மருந்து என்ற பட்டியலும் இங்கே வரவேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும் என்பார்கள். சென்னையின் மே மாத அறை அந்தக் கணக்கில் சேராது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் சிறு பாத்திரத்தில் வைத்தால் சூட்டைக் குறைக்கலாம்.

படி 9: ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள்

வென்ற திட்டத்தை ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை நடத்திப் பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து, மேல்தொட்டி வால்வை மூடி, போன்களை ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். மருத்துவக் கருவி பயன்படுத்துபவர் வீட்டில் இருந்தால் அவருக்கான இணைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். ஆளுக்கு 5 லிட்டர் அளந்து வையுங்கள். கழிவறைக்கு என்ன செய்வது என்பதை எந்த அணியும் எழுதியிருக்காது. இரவு ஒன்பது மணிக்கு அது முதல் பிரச்சினையாக வரும். டார்ச்சுக்கு பேட்டரி இல்லை, வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லை, மாடிக் கதவின் சாவி யாரிடம் என்று தெரியவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றையும் எழுதி, பெயர் போட்டு, ஒரு வாரத்துக்குள் சரி செய்ய ஒப்படையுங்கள். அடுத்த பட்டிமன்றத்தை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பர் கடைசியில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பாலுக்காக அலைந்தவர்களை இடர் சொல்லும் நாற்காலியில் உட்கார வையுங்கள்.